பழைய லோரியில அசையாத போல்ட்டு: பெங்கெல்ல எங்கிட்ட கேக்குற கேள்விங்களும் நான் சொல்ற பதிலும்

மலேசியாவுல பினாங்கு பக்கம் பிறையில லோரி பெங்கெல், அதாவது ரிப்பேர் பட்டறை, நடத்துறேன். எங்கப்பாவும் போமன்தான் (மெக்கானிக்), அவருகிட்ட ஸ்பானர் எடுத்துக் குடுத்துக் குடுத்தே கத்துக்கிட்டேன். சொந்தமா லோரி வெச்சிருக்கவங்க, வீட்டு முன்னால நிறுத்தி பழைய பிக்கப்ப நோண்டுற பசங்க, புதுசா வேலைக்கு சேந்த தம்பிங்க, இவங்க எல்லாரும் கேக்குறது பெரிய இஞ்சின் விஷயம் இல்ல. "அண்ணே, போல்ட்டு கழல மாட்டேங்குது", இதுதான். ஒரே பதில திரும்பத் திரும்ப சொல்றதால எல்லாத்தையும் இங்க எழுதி வெச்சிட்டேன்.

டபிள்யூடி-40 அடிச்சி பத்து நிமிஷம் ஆச்சு, அப்பவும் அசையல. இன்னும் அடிக்கணுமா?

அதோட பேர்லயே பதில் இருக்கு தம்பி. டபிள்யூடின்னா தண்ணிய வெளியேத்துறதுன்னு அர்த்தம், 1953ல அமெரிக்காவுல 40வது தடவை கலந்து பாத்தப்ப சரியா வந்ததால 40. ஈரத்த விரட்டுறதுக்கு செஞ்சது அது. கொஞ்சம் ஊறி உள்ள போகும்தான், ஆனா இருபது வருஷத் துருவுக்குள்ள போய் வேலை செய்ய அது போதாது. அதே கம்பெனியே துருவுக்குன்னு தனியா ஊடுருவுற எண்ணெய் வேற டப்பாவுல விக்கிறாங்க. ஹார்ட்வேர் கடையில "பெனட்ரேட்டிங் ஆயில்"னு கேட்டு வாங்குங்க. எங்கப்பா காலத்துல மண்ணெண்ணெய்தான், இப்ப நாங்க ஆட்டோ கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து வெச்சிருக்கோம், நல்லா வேலை செய்யும், ஆனா ரெண்டும் சேந்து நிக்காது, பிரிஞ்சிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் ஊத்தணும், சீக்கிரம் தீப்பிடிக்கும் அதனால டார்ச் எடுக்கப் போற வேலைக்கு அது வேணாம்.

எந்த எண்ணெய்ங்கறதவிட எவ்வளவு நேரம்ங்கறதுதான் பெருசு. நாளைக்குக் கழட்டப் போற போல்ட்டுக்கு இன்னைக்கு சாயங்காலம் ஊத்துங்க, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு தடவ, காலையில பசியாறிட்டு வந்து ஒரு தடவ. ஊத்துறதுக்கு முன்னால கம்பி பிரஷ் போட்டு வெளிய தெரியிற மரையத் தேச்சி எடுங்க, மண்ணும் பழைய பெயிண்ட்டும் மூடிக்கிட்டு இருந்தா எண்ணெய் எந்த வழியா உள்ள போகும்? ஊத்தினப்புறம் போல்ட்டுத் தலையில சுத்தியலால நேரா நாலஞ்சு தட்டு. அந்த அதிர்ச்சியில துரு நொறுங்கி வெடிப்பு விடும், அந்த வெடிப்புல எண்ணெய் இறங்கும். அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்றது இந்த வேலைக்கு அப்படியே பொருந்துது.

நம்ம நாட்டுல பனி இல்ல, சாலையில உப்பும் போடுறது இல்ல. பின்ன ஏன் இப்படிப் பிடிச்சிக்குது?

உப்பு சாலையில இருந்து வரல, லோரியில இருந்தே வருது. மீன்பிடித் துறைமுகம் இருக்க பத்து மாவுங் பக்கம் மீன் ஏத்துற லோரிய கீழ படுத்துப் பாருங்க. ஐஸ் உருகி உப்புத் தண்ணியா சொட்டிச் சொட்டி பின்னால இருக்க யூ போல்ட்டு, ஷேக்கிள் பின்னு, சேசிஸ் நட்டு எல்லாம் உருவமே தெரியாம ஊதிப் போயிருக்கும். அதோட நம்ம ஊரு வெக்கையும் ஈரமும் சேருது. மணல் லோரியா இருந்தா ஈர மணல் இடுக்குல ஒக்காந்துக்கிட்டு காயவே காயாது.

இரும்பு துருவா மாறும்போது முன்ன இருந்ததவிட ரெண்டு மடங்குக்கும் மேல எடம் கேக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல மரையில இருக்கிற எடைவெளி ஒரு தலைமுடி கனம்தான், சில எடத்துல அதுவும் இல்ல. அதுக்குள்ள துரு வீங்கிச்சுன்னா ஆப்பு வெச்ச மாதிரி. இத மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா, பலத்தப் போட்டு இழுக்குறதவிட அந்த ஆப்ப நொறுக்குறது, கரைக்கிறது, எடத்தப் பெருசாக்குறது, இந்த மூணுதான் வேலைன்னு புரியும்.

எந்தப் பக்கம் திருப்பணும்னே குழப்பமா இருக்கு, அதுவும் கீழ படுத்துக்கிட்டு.

போல்ட்டுத் தலைய நேராப் பாத்தா இடப்பக்கம் திருப்பினா கழலும். நட்டோட பின்பக்கம் இருந்து பாக்குறப்ப அது மாறித் தெரியும். அவசரத்துல இறுக்கிக்கிட்டே "கழல மாட்டேங்குது"ன்னு ஒடச்சவங்கள நான் பாத்திருக்கேன். சந்தேகம் வந்தா ஒரு பழைய போல்ட்டயும் நட்டயும் கையில எடுத்து, அதே நிலையில பிடிச்சி, திருப்பிப் பாத்துட்டு அப்புறம் ஸ்பானர் போடுங்க.

சக்கரத்துக்கு மட்டும் தனியா ஒண்ணு சொல்லணும். பழைய ஜப்பான் லோரிங்கள்ல, இசுசு, ஹினோ, ஃபூசோ, நிசான் எதுவா இருந்தாலும், இடப்பக்க சக்கரத்து நட்டுங்க எதிர் மரையா இருக்கும், வலப்பக்கம் திருப்பினாதான் கழலும். ஸ்டட் (நட்டு ஏறுற மரைக் கம்பி) நுனியில எல் இல்லன்னா ஆர் எழுத்து அடிச்சிருப்பாங்க, துருவத் தேச்சிட்டுப் பாருங்க. புது முறையில வந்த லோரிங்கள்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நேர் மரை, நட்டு 33 மிமீ. பழைய பெரிய லோரியில பின்னால ரெட்டைச் சக்கரத்துக்கு வெளி நட்டு 41 மிமீ, அதுக்குள்ள 21 மிமீ சதுரத் தலையோட உள் நட்டு இருக்கும். ஒரு தடவ ஒரு பையன் வேற எடத்துல இடப்பக்க நட்ட இடப்பக்கமே இழுத்து மூணு ஸ்டட்ட அத்துட்டு அப்புறம் எங்கிட்ட வந்தான். ஸ்டட்ட மாத்தணும்னா ஹப்ப இறக்கணும், ஒரு எழுத்தப் பாக்காததுக்கு ஒரு நாள் வேலை.

பைப்பு மாட்டி நீட்டி இழுக்கலாமா?

எந்த போல்ட்டுன்னு பாத்துட்டு. கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சா பாதி ஒடையிறது நிக்கும். எம்8 போல்ட்டு, அதாவது 8 மிமீ கனத்துல, நம்ம ஜப்பான் வண்டியில 12 ஸ்பானர் போடுற போல்ட்டு, அத மாட்டும்போது குடுக்குற முறுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர்தான். 30 செமீ நீளமுள்ள ராச்செட்ட (நட்டுமேல கவுக்குற சொக்கெட்ட மாட்டித் திருப்புற கைப்பிடி) 30 கிலோ பலத்துல இழுத்தீங்கன்னா கிட்டத்தட்ட 90 நியூட்டன் மீட்டர் போகுது. மூணு மடங்குக்கு மேல. சின்ன போல்ட்டுக்கு பைப்பே வேணாம், உங்க கையே அத ஒடச்சிடும்.

லோரி சக்கர நட்டு கதை வேற. புது முறை நட்டுக்கு 550ல இருந்து 600 நியூட்டன் மீட்டர் இறுக்கம், துருவும் சேந்தா அதுக்கும் மேல. ஒரு மீட்டர் பைப்பு நுனியில 60 கிலோ எடை முழுசா எறங்கினா 590 கிட்ட வரும். இதுக்கு பைப்பு வேணும்தான், ஆனா பைப்பு மேல ஏறி நின்னு குதிக்காதீங்க, சொக்கெட் வழுக்கிச்சுன்னா முட்டி போயிடும். கைப்பிடி சுத்தினா உள்ள கியர் வெச்சு முறுக்கப் பெருக்குற பெட்டி கடையில கெடைக்குது, லோரி வெச்சிருக்கவங்க ஒண்ணு வாங்கி சீட்டுக்குப் பின்னால போட்டு வைங்க. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்ட லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கு போடணும்.

இன்னொண்ணு, ராச்செட்டுல பைப்பு மாட்டாதீங்க. உள்ள இருக்க சின்னப் பல்லு அவ்வளவுக்குத் தாங்காது. பிரேக்கர் பார்னு கட்டியான கம்பி இருக்கு, அதுதான் முதல் அசைவுக்கு, அசைஞ்சப்புறம் ராச்செட்.

முதல் அசைவுன்னு சொன்னேன் இல்ல, அது கழட்டுற பக்கம் இருக்கணும்னு இல்ல. நான் முதல்ல ஒரு நூல் அளவு இறுக்கத்தான் பாப்பேன். கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் லூஸு, எண்ணெய், மறுபடி. அர சுத்து வெளிய வந்தா கால் சுத்து உள்ள விடு. மரையில நொறுங்குன துரு எல்லாம் மாவு மாதிரி வெளிய வரும், அது வர வர சுளுவாகும். கழலுதேன்னு ஒரே இழுப்பா இழுத்தீங்கன்னா அந்த மாவு உள்ளயே அடச்சி, பாதி வழியில நின்னுக்கும், அப்ப ஒடையும்.

காதக் குடுத்துக் கேளுங்க. துரு விடும்போது "டக்"னு ஒரு சத்தம், சுள்ளுன்னு கையில தெரியும். போல்ட்டு ஒடையப் போறப்ப சத்தம் வராது, மெழுகு மாதிரி மெத்துனு திரும்பும். திருப்பத் திருப்ப இறுக்கம் கூடாம குறையாம ஒரே மாதிரி வழுவழுன்னு வந்தா உடனே நிறுத்திடுங்க, இரும்பு முறுங்கிக்கிட்டு இருக்கு. நிறுத்தி, சூடு வைங்க.

தலை உருண்டுடுச்சு, ஸ்பானர் வழுக்குது.

12 பட்டை சொக்கெட் போட்டிருப்பீங்க. துருப்பிடிச்ச போல்ட்டுக்கு எப்பவும் 6 பட்டை சொக்கெட்தான், அது மூலையில பிடிக்காம தட்டையான பக்கத்துல பிடிக்கும். ஓப்பன் ஸ்பானர் முதல் அசைவுக்குக் கூடவே கூடாது, ரிங் பக்கத்தப் போடுங்க.

உருண்டது உருண்டாச்சுன்னா, ஒரு அளவு சின்ன 6 பட்டை சொக்கெட்ட சுத்தியலால அடிச்சி ஏத்துங்க. 14 உருண்டிருந்தா 13, இல்லன்னா பழைய அரை இன்ச் சொக்கெட், அது 12.7 மிமீ. ஏத்துறப்ப விழுற அடியும் போல்ட்டுக்கு நல்லதுதான். தலை வெளிய நல்லாத் தெரிஞ்சா அரம் போட்டு ரெண்டு பக்கம் தட்டையாக்கி வைஸ் கிரிப்ப (பூட்டிக்கிற இடுக்கி) இறுக்கிப் பிடிக்கலாம். நட்டா இருந்தா இதெல்லாம் வேணாம், உளி வெச்சு நட்டப் பொளந்துடுங்க, இல்ல கிரைண்டர்ல ஒரு பக்கம் மரை வரைக்கும் வெட்டிட்டு உளியால ஒரு தட்டு. நட்டு விலை சில்லறைக் காசு. ஸ்டட்டக் காப்பாத்துங்க, நட்டுமேல பாசம் வேணாம்.

கையே போகாத எடம். கண்ணாலயும் பாக்க முடியல. எப்படி?

இதுதான் அதிகமாக் கேக்குறது, இதுக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல பாக்கணும். கைப்பேசிய உள்ள விட்டு ஒரு படம் எடுங்க, சின்னக் கண்ணாடி ஒண்ணு குச்சியில கட்டி வெச்சுக்கோங்க. தலை எந்தப் பக்கம், நட்டு எந்தப் பக்கம், நட்டு கூடவே சுத்துற மாதிரி இருக்கா, ஸ்டட்டா போல்ட்டா, இதெல்லாம் தெரியாம தடவித் தடவி ஸ்பானர் போட்டா உருளாம என்ன செய்யும்.

அடுத்தது, வழியில இருக்கிறத எடுக்கத் தயங்காதீங்க. இதுலதான் பெரும்பாலானவங்க தப்புப் பண்றாங்க. ஒரு ஹோஸ், ஒரு பிராக்கெட், ஏர் கிளீனர் பெட்டி, அதக் கழட்ட இருபது நிமிஷம் ஆகுமேன்னு ரெண்டு மணி நேரம் வளைஞ்சு நெளிஞ்சு ஒரு போல்ட்டோட போராடுவாங்க, கடைசியில அதக் கழட்டிட்டுத்தான் வேலைய முடிப்பாங்க. நேரா நின்னு பிடிக்கிற ஸ்பானருக்கும் கோணலாப் பிடிக்கிற ஸ்பானருக்கும் வித்தியாசம் பலத்துல மட்டும் இல்ல, கோணலா இழுத்தா தலை உருளும்.

இசுசு என்பிஆர் மாதிரி கேபின் தூக்குற லோரின்னா முதல் வேலை கேபினத் தூக்குறது. கேபினுக்குள்ள கெடக்கிற சாமான் எல்லாம் இறக்கிட்டுத் தூக்குங்க, தாங்கு கம்பி பூட்டு சரியா விழுந்துச்சான்னு கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் தலைய உள்ள விடணும். கீழ படுத்துப் பண்ற வேலையில பாதி மேல இருந்தே வந்துடும்.

மூக்கு வெச்ச பழைய பிக்கப்ல கியர்பாக்ஸ் மேல் போல்ட்டு ரெண்டு இருக்கும், ஃபயர்வாலுக்கும் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்க தகடு) பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸ் இஞ்சினோட சேர்ற வாய்) நடுவுல மாட்டிக்கிட்டு. மேல இருந்தும் கை போகாது, கீழ இருந்தும் போகாது. இதுக்கு வழி, கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக்கு குடுத்துத் தாங்கிட்டு, பின் மவுண்ட்டு குறுக்குச் சட்டத்தக் கழட்டி, சில செமீ மெதுவா இறக்குங்க. இஞ்சின் பின்பக்கமா சாயும், மேல் போல்ட்டு வெளிய தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு மீட்டர் கிட்ட வர்ற மாதிரி சொக்கெட்ட நீட்டுற எக்ஸ்டென்ஷன் கம்பிங்கள ஒண்ணோட ஒண்ணு சொருகி, கியர்பாக்ஸ் மேலயே படுக்க வெச்சு, பின்னால இருந்து திருப்பலாம். சாய்க்கும்போது முன்னால ஃபேன் ரேடியேட்டர்ல இடிக்குதா, ஹோஸ் இழுபடுதா, கிளட்ச் பைப்பு இழுபடுதான்னு ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்.

நீள எக்ஸ்டென்ஷன்ல ஒரு குணம் இருக்கு, அதுவே கொஞ்சம் முறுங்கும், அதனால இம்பேக்ட் கன்னோட (அடிச்சு அடிச்சு சுத்துற மெஷின்) அடி போல்ட்டுக்குப் போறதுக்குள்ள பாதி அதுலயே போயிடும். அந்த எடத்துல பிரேக்கர் பார்தான் நல்லது. யூனிவர்சல் ஜாயின்ட் (மடங்குற மூட்டு) போட்டா கோணம் எவ்வளவு குறைவா வைக்க முடியுமோ வைங்க, மடிஞ்சிக்கிட்டா பலம் எல்லாம் பக்கவாட்டுல போகும். நுனி லேசா ஆடுற மாதிரி செஞ்ச எக்ஸ்டென்ஷன் கெடைக்குது, சின்னக் கோணத்துக்கு அதுதான் எனக்குப் பிடிச்சது.

ராச்செட்டு தலையே உள்ள போகலன்னா வளைஞ்ச ரிங் ஸ்பானர். அதுக்கும் கைப்பிடி இடம் இல்லன்னா, இன்னொரு ரிங் ஸ்பானரோட வாய அதோட ஓப்பன் பக்கத்துல கோத்து நீளமாக்கலாம், ஸ்பானர் கொஞ்சம் விரிய வாய்ப்பு இருக்கு, நல்ல ஸ்பானர இதுக்குப் போடாதீங்க. எங்ககிட்ட ஒரு டப்பா நிறைய வெட்டின, வளைச்ச, வெல்டிங் அடிச்ச ஸ்பானருங்க இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு போல்ட்டுக்காகப் பொறந்தது. ஸ்டார்ட்டர் மேல் போல்ட்டுக்குன்னு எங்கப்பா 14 ஸ்பானர நெருப்புல வெச்சு வளைச்சது இன்னும் இருக்கு, இன்னைக்கும் அதத்தான் எடுக்குறோம்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டு சொக்கெட்ல இருந்து விழாம இருக்க சொக்கெட்டுக்குள்ள கொஞ்சம் கெட்டி கிரீஸோ ஒரு துண்டு மாஸ்கிங் டேப்போ வெச்சு அழுத்துங்க, நிக்கும்.

இம்பேக்ட் கன் இருந்தா இவ்வளவு தொல்லை எதுக்கு?

கன் நல்ல சாமான், நான் தினமும் பிடிக்கிறேன். விட்டு விட்டு அடிக்கிறதால துரு நொறுங்கும், ஒரே இழுப்பா இழுக்குறதவிட ஒடையிறது கம்மி. ஆனா சின்ன போல்ட்டுக்குக் குறைஞ்ச வேகத்துல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிக்கணும், கறுப்பு இம்பேக்ட் சொக்கெட்தான் போடணும், பளபளன்னு இருக்க சாதா சொக்கெட் வெடிச்சா துண்டு கண்ணுக்கு வரும். கண்ணாடி போடாம என் பெங்கெல்ல யாரும் லோரிக்கு அடியில படுக்கக் கூடாது, துருத் தூளே போதும் ஒரு வாரம் கண்ணத் தொறக்க விடாது.

நெருப்பு வைக்கலாமா?

எனக்கு அதவிட நம்பிக்கையான வழி வேற இல்ல. ஆனா எத சூடு பண்றோம்னு தெரியணும். நட்டத்தான் சூடு பண்ணணும், போல்ட்ட இல்ல. 16 மிமீ ஓட்டை உள்ள நட்டு 300 டிகிரி சூடேறினா ஓட்டை கிட்டத்தட்ட 0.06 மிமீ பெருசாகும். கேக்குறதுக்குக் கொஞ்சம்தான், முன்ன சொன்ன அந்தத் தலைமுடி கனம் எடைவெளி அவ்வளவுதானே. சூடு பண்ணி, ஆற விட்டு, மறுபடி சூடு பண்ணுங்க, விரிஞ்சு சுருங்கும்போதே துரு உதிரும். கை வெக்க முடியாத சூடு கொஞ்சம் தணிஞ்சதும் மெழுகுவத்திய மரை ஓரத்துல வைங்க. உருகி உள்ள உறிஞ்சிக்கும், எண்ணெய் போகாத எடத்துக்கும் மெழுகு போறத நான் பல தடவ பாத்திருக்கேன்.

மரையில சிவப்பு லாக்டைட் (கழலாம இருக்கப் போடுற பசை) போட்டிருந்தாலும் சூடுதான் வழி, 250 டிகிரி கிட்டப் போனாத்தான் அது விடும்.

இப்ப எச்சரிக்கை. பெட்ரோல், டீசல் டாங்கி, பைப்பு, பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், கிரீஸ் அடச்ச பேரிங், வயர் கட்டு, இதுக்குப் பக்கத்துல டார்ச் வேணாம். பிரேக் கிளீனர் அடிச்ச எடத்துல நெருப்போ வெல்டிங்கோ வைக்கவே வைக்காதீங்க. குளோரின் கலந்த கிளீனர் சூட்டுல பாஸ்ஜீன்ங்கற விஷ வாயுவாகும், அது நுரையீரல அரிக்கும், சில சமயம் பல மணி நேரம் கழிச்சுத்தான் மூச்சுத் திணறும். டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம எதுவும் அடிக்காதீங்க. தலையில 8.8, 10.9ன்னு எண் இருக்க போல்ட்டு சூட்டால பதம் போட்டது, சிவக்கச் சிவக்க சூடு பண்ணினா அந்தப் பதம் போயிடும், கழட்டினதும் தூக்கிப் போட்டுட்டு அதே எண்ணுல புதுசு போடுங்க.

ஒடஞ்சே போச்சு. இப்ப?

பதறாதீங்க, உடனே ஈஸி அவுட்ட (ஒடஞ்ச போல்ட்டுல துளை போட்டு உள்ள விட்டுத் திருப்பி எடுக்குற சாமான்) எடுக்காதீங்க. நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பந்தல் சாமான் ஏத்துற பழைய லோரி ஒண்ணு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் அடிச்சிக்கிட்டு வந்துச்சு. வேற ஒருத்தர் ஸ்டட்ட ஒடச்சி, ஈஸி அவுட்ட விட்டு, அதையும் உள்ளயே ஒடச்சி வெச்சிருந்தார். ஈஸி அவுட்டு நல்ல கெட்டி இரும்பு, சாதா டிரில்லு அதத் தொடவே தொடாது. ஹெட்ட இறக்கித்தான் வேலை முடிஞ்சது. கேஸ்கெட் மாத்துற வேலை மூணு நாள் ஆச்சு, லோரிக்காரக் குடும்பம் வேற லோரி வாடகைக்கு எடுத்துத்தான் பந்தலப் போட்டாங்க. அந்த வீட்டு அம்மா முகம் இன்னும் ஞாபகம் இருக்கு, அதனாலதான் இதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஒடஞ்ச ஸ்டட் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஒரு நட்ட மேல வெச்சு உள்ளுக்குள்ள வெல்டிங் அடிங்க. பிடிக்க ஒரு தலை கெடைக்குது, வெல்டிங் சூடு ஸ்டட்டுக்குள்ள நேரா இறங்குது, ரெண்டு வேலை ஒண்ணா நடக்குது. சிவப்பு மறையிற வரைக்கும் விட்டு, மெழுகு வெச்சு, முன்னும் பின்னுமா அசைங்க. முதல் நட்டு அத்துக்கும், ரெண்டாவது அத்துக்கும், மூணாவது நாலாவதுல வந்துடும். வெல்டிங்குக்கு முன்னால பேட்டரி வயரக் கழட்டுங்க, எர்த்த வெல்டிங் பண்ற எடத்துக்குப் பக்கத்துலயே பிடிங்க.

சமமா ஒடஞ்சிருந்தா நடுவுல சரியா சென்டர் பஞ்ச் அடிச்சி, இடது பக்கம் சுத்துற டிரில் பிட் போடுங்க. துளைக்கும்போதே கடிச்சிக்கிட்டு வெளிய வர்றது உண்டு. நடு தப்பிச்சுன்னா நிறுத்திட்டு மெஷின் கடைக்குக் கொண்டு போங்க. மரை போயிருந்தா ஹெலிகாயில் (மரைக்குள்ள ஏத்துற கம்பிச் சுருள்) போட்டு புது மரை எடுத்துக்கலாம், சரியாப் போட்டா பழசவிட பலமா இருக்கும்.

அலுமினியத்துல இறங்கின இரும்பு போல்ட்டு?

தண்ணி பம்ப், தெர்மோஸ்டாட் மூடி, டைமிங் கவர் இந்த மாதிரி எடம். ரெண்டு உலோகமும் ஈரமும் சேந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா வீங்கும். அலுமினியம் சூட்டுல இரும்பப்போல ரெண்டு மடங்கு விரியும், அதனால ஹீட் கன்னால சுத்தியிருக்க அலுமினியத்த மெதுவா சூடு பண்ணினாலே பெரும்பாலும் விடும். டார்ச் வேணாம், அது சிவக்காமலே உருகிடும்.

நட்சத்திர ஸ்குரூ வழுக்குது.

ஜப்பான் வண்டியில வர்றது ஜப்பான் அளவு நட்சத்திரம், சாதா பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அதுல முழுசா ஒக்காராது. ஜேஐஎஸ்னு (ஜப்பான் தர அளவு) கேட்டு வாங்குங்க. இறுகினதுக்கு, பின்னால சுத்தியலால அடிச்சா திரும்புற டிரைவர் ஒண்ணு இருக்கு, ரெண்டே அடியில வந்துடும்.

பிரேக் பைப்பு நட்டும் காத்து எடுக்குற நிப்பிளும்?

பைப்பு நட்டுக்கு பிளேர் ஸ்பானர், அது முக்கால் சுத்து பிடிக்கும். பைப்பும் நட்டோட சேந்து முறுங்குனா காப்பாத்தப் பாக்காதீங்க, பைப்ப வெட்டிட்டு 6 பட்டை சொக்கெட்ட நேரா ஏத்துங்க, பைப்பு புதுசாப் போட்டுக்கலாம். நிப்பிள் நடுவுல ஓட்டை, அதனால சுளுவா ஒடையும். ஓட்டைக்குள்ள சரியா ஒக்கார்ற டிரில் பிட்டோட அடிப்பக்கத்தச் சொருகிட்டுத் திருப்பினா நசுங்காது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ புஸ்பகோம் (வண்டிச் சோதனை மையம்) போற லோரின்னா, முந்தின நாள் சாயங்காலம் இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, ஒரு வாரம் முன்னாலயே எண்ணெய் ஊத்த ஆரம்பிங்க.

நானே தொடவே கூடாத போல்ட்டு ஏதாவது இருக்கா?

இருக்கு. காத்து பிரேக் லோரியில பின் சக்கரத்துக்கிட்ட ரெட்டை டப்பா மாதிரி பிரேக் சேம்பர் இருக்கும். பின் டப்பாவுக்குள்ள பெரிய ஸ்பிரிங்க அமுக்கி வெச்சிருக்காங்க. அந்த டப்பாவ சுத்தியிருக்க வளையத்து போல்ட்டக் கழட்டினா அந்த ஸ்பிரிங் பீரங்கி மாதிரி வெளிய வரும், உலகம் முழுக்க ஆளுங்க செத்திருக்காங்க. துருப்பிடிச்சா முழு சேம்பரையும் மாத்துங்க, அதையும் ஸ்பிரிங்க அடக்குற போல்ட்ட சரியா மாட்டத் தெரிஞ்சவரு செய்யட்டும்.

ஜாக்கு மட்டும் வெச்சுக்கிட்டு அடியில படுத்து பிரேக்கர் பார் இழுக்காதீங்க. அந்த இழுப்பே லோரிய ஜாக்கில இருந்து தள்ளிடும். ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, லோரிய ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் படுங்க.

திரும்ப மாட்டும்போது என்ன போட்டா அடுத்த தடவ சுளுவா வரும்?

மரைய டாப்பும் (ஓட்டைக்குள்ள மரை வெட்டுறது) டையும் (போல்ட்டு மேல மரை வெட்டுறது) விட்டு சுத்தம் பண்ணுங்க, கையாலயே கடைசி வரைக்கும் சுத்தி இறங்கணும். எக்ஸாஸ்ட்டு, ஷேக்கிள், பிராக்கெட்டு போல்ட்டுக்கு காப்பர் கிரீஸ் மெல்லிசாத் தடவுங்க. ஆனா வழுவழுன்னு இருக்க மரையில அதே முறுக்குக்கு இறுக்கம் கூடிடும், அதனால கொஞ்சம் குறைச்சுத்தான் இறுக்கணும். சக்கர ஸ்டட்டுக்கு காப்பர் கிரீஸ் போடாதீங்க, லோரி புத்தகத்துல எண்ணெய் போடச் சொல்லியிருந்தா அது மட்டும், சொன்ன எடத்துல மட்டும். சக்கரம் மாட்டி 50ல இருந்து 100 கிமீ ஓட்டிட்டு மறுபடி டார்க் ஸ்பானர்ல (முறுக்க அளக்குற ஸ்பானர்) பாருங்க. ஸ்பிரிங் யூ போல்ட்டக் கழட்டிட்டா பழசத் திரும்பப் போடாதீங்க, புதுசு போட்டு, சரக்கு ஏத்தி ஓட்டினப்புறம் ஒரு தடவ இறுக்குங்க.

கடையில புது போல்ட்டு வாங்குறப்ப தலை அளவப் பாருங்க. ஜப்பான் எம்8க்கு தலை 12, சாதா ஹார்ட்வேர் கடை எம்8க்கு 13. லோரி நிறைய 12ம் 13ம் கலந்து கெடந்தா அடுத்து இருட்டுல, மழையில, எக்ஸ்பிரஸ்வே ஓரமா அதக் கழட்டப் போறவர் 13 சொக்கெட்ட 12 மேல போட்டு உருட்டிடுவார். மரைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்க நுனியில கொஞ்சம் கிரீஸ் பூசி விடுங்க. மீன் லோரின்னா வாரம் ஒரு தடவ அடியில நல்ல தண்ணி அடிச்சி உப்பக் கழுவுங்க, பத்து நிமிஷ வேலைதான்.